கார்டு உன்னிடம், போன் என்னிடம்

ராஸ் அல் கைமா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் விடாமல் சௌக்கியமாக இருக்கிறோம். மதுரையில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன முதலாளியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் அய்யனார் பார்த்துக்கொள்வார். நாலு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது உன் அம்மா நாகவள்ளியின் குணம், அப்படியே உரித்து வைத்திருக்கிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நாளை லீவில் வரும் ஜெயசீலன் கையில் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் ரூம்காரர் மீராசா லீவில் வந்தபோது கொடுத்த மெமரி கார்டை உன் போனில் போட்டாயாம், படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று அது கேட்டதாம், அப்பா எல்லாத்தையும் அழிச்சிட்டு வெறும் கார்டை அனுப்பிட்டாரு என்று அம்மாவிடம் அழுதாயாம். அம்மாடி, ஒன்றும் அழியவில்லை. தப்பு என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் என் போன் நிரம்பி, ஒரு போட்டோகூட எடுக்க முடியாமல் மக்கர் பண்ணியது. நக்கீல் கடைத்தெருவில் பெரிய கார்டாக ஒன்று வாங்கினேன். கார்டு தனியாக இருக்கட்டுமா, போனோடு சேர்த்துவிடவா என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி, அச்சா பாய், சேர்த்துவிடுங்கள் என்று தலையாட்டினேன். பழைய குட்டிக் கார்டுகளில் இருந்த உன் வீடியோக்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, பழையதைத் தூக்கியும் போட்டுவிட்டேன். அப்படிச் சேர்த்த கார்டை அந்தப் போன் பூட்டிவிடுமாம், சாவியும் அந்தப் போனுக்குள்ளேயே இருக்குமாம், வேறு எந்தப் போனில் போட்டாலும் வாயே திறக்காதாம். ஜெயசீலன் நேற்றுத்தான் விளக்கினான். இப்போது கார்டு உன்னிடம் இருக்கிறது, போன் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கார்டுகள் வந்துகொண்டிருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது விஜி. உனக்கு நாலு வயதில் அம்மாவுக்கு ஒரு கேமரா போன் வாங்கிக் கொடுத்தேன். அவள் உன்னை வீடியோ எடுத்து, கார்டைக் கழற்றி, உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பின்னால் செலோடேப் போட்டு ஒட்டி, லீவு முடிந்து யார் திரும்பினாலும் கொடுத்துவிடுவாள். கேம்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். டைல்ஸ் தூசியோடு டூட்டி முடித்து வந்து, குளிக்கக்கூடப் போகாமல் எட்டுப் பேரும் என் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்ப்போம். நீ சைக்கிள் பழகினாயே, அதில் நீ விழுந்ததும் அம்மா பதறி ஓடியதில் வானமும் மண்ணும்தான் படத்தில் தெரிந்தன, அவள் அலறல் மட்டும் கேட்டது. நாங்கள் ஐயோ என்று எழுந்து மேல் கட்டிலில் மண்டையை இடித்துக்கொண்டோம். நீ எழுந்து சைக்கிளுக்கு ஒரு உதை விட்டாய் பார், பெஷாவர் கான் பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, மறுபடி போடு பாய், மறுபடி போடு என்று மூன்று நாள் எங்களைத் தூங்க விடவில்லை. உனக்குத் திரும்பி வரும் கார்டில் நாங்களும் பேசி அனுப்புவோம், மீராசா உனக்காகக் குரங்குச் சேட்டை எல்லாம் பண்ணுவார். இப்போது ரூமில் ஆறு பேர், ஆறு போன், ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறோம். ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த லீவில் நான் வந்தபோது நீ அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு, மீராசா மாமா வரலையா என்று என்னிடம் கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வளைகாப்புக்கு லீவு கேட்டதற்கு மாஃபி என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். அதைச் சொன்னதும் நீ, பரவாயில்லப்பா, நீங்க வராட்டி அந்தக் கார்டையாச்சும் அனுப்புங்க என்றாய். நான் மடையன், உடனே கார்டை அனுப்பினேன். எனக்குப் பழகிப்போன வேலை அதுதானே. இன்று ஜெயசீலன், போனையும் குடுங்க மாமா, நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேன், ரெண்டையும் சேர்த்தா எல்லாம் வந்துரும் என்றான். நல்ல யோசனைதான், அவன் கையில் கொடுத்தும்விட்டேன். ஐந்து நிமிஷத்தில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதையும் கொடுத்துவிட்டால் நான் வந்தாக வேண்டும் என்பதே இல்லாமல் போய்விடும், இன்னும் ஐந்து வருஷம் இங்கேயே ஓடிவிடும் என்று பயமாகிவிட்டது. நேரே ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். லீவு கேட்டு இல்லை விஜி, வேலையை விட்டு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, போதும், கலாஸ். நோட்டீஸ் ஒரு மாதம். வளைகாப்புக்கு இருக்க மாட்டேன், அதற்கு நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்.

படியில் பார்த்து இறங்கு, இரும்பு மாத்திரையைப் பூந்தொட்டியில் போடாதே, மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நோகாமல் நொடியாமல் பெற்றெடுத்து நீயும் பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். கார்டைக் கழற்றிப் பொட்டு டப்பாவில் பத்திரமாக வை, ஃபார்மட்டை மட்டும் யார் சொன்னாலும் அழுத்தாதே. பிள்ளை பிறந்ததும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம், நான் கையில் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறப்பட்டு வரும் உன் அப்பா
பாண்டித்துரை