முதுகில் ஒரு முகம்

ஞாயிறு, இரவு.

காலையில் சைக்கிளை விட்டு இறங்கியதும் கிரிவலப் பாதையில் ஓடத் தொடங்கினேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கான பயிற்சி. கீர்த்தனா என்ற சிறுமியின் இதய அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்டச் சேர்ந்த குழு எங்களுடையது. எல்லோர் டி-ஷர்ட்டிலும் முதுகுப் பக்கம் அவளுடைய சிரித்த முகம். போன மாதம் அவள் இறந்துவிட்டாள். இனி வேறு பிள்ளைகளுக்காக என்று பயிற்சி தொடர்கிறது. டி-ஷர்ட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவருவது கேட்டுத் திரும்பினேன். பாதையோரம் மோர் விற்கும் கீர்த்தனாவின் அம்மா.

"திரும்பாதீங்கண்ணா. கொஞ்சம் மெதுவா மட்டும் போங்க."

மறுபடி முன்னால் பார்த்தபடி நடந்தேன்.

"சாப்ட்டியா பாப்பா?" என்று என் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

முதுகை நிமிர்த்தி, இன்னும் மெதுவாக நடந்தேன்.

டி-ஷர்ட்டைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டாயிற்று. இன்னும் மல்லாந்து படுக்க முடியவில்லை.