காற்றோடு பறந்த நாரைகள்

செங்கலடி
சித்திரை, 1937

அன்புள்ள உங்களுக்கு,

இல்லை, பொறாமையல்ல. உங்கள் படம் பத்திரிகையில் வந்து இத்தனை நாளாகியும் ஏன் ஒரு வரி எழுதவில்லை, பெண்சாதிக்குப் பொறாமையா என்று விளையாட்டாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் கொஞ்சம் இருந்தது. பிறகு போய்விட்டது.

நான் நலம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கிணற்றுக் கப்பியை மாற்றியாயிற்று. அப்பாவுக்கு இருமல் குறைவு. கொழும்பு வெயில் உங்களுக்கு ஆகாது. தொப்பியை மறக்காதீர்கள்.

இனிப் படம்.

நல்ல படம். நான் வருடக்கணக்காக எடுக்க நினைத்த படம். வாவியில் அந்தக் கண்டல் மரத் திட்டிலிருந்து நாரைகள் எழும்புவது சூரியன் உதிக்கும் முன். கமராவுக்கு வெளிச்சம் போதாது. சிறகு வெறும் புகையாக விழும். வெயில் வரும்போது கூட்டில் குஞ்சோடு இருப்பவை மட்டும் மிச்சம். அவை ஒவ்வொன்றாக, தம் விருப்பத்துக்குத்தான் எழும்பும். காத்திருக்க வேண்டும். அங்கே வலை போடுகிறவர்களின் கட்டுப்பாடு அது. தோணியில் இருமக்கூட மாட்டார்கள். பறவை மிரண்டு போனால் திட்டைச் சுற்றிய மீனும் போகும் என்கிறார்கள். மீறியவருக்கு அந்த வருடம் அங்கே வலை இல்லை.

அண்ணன் முறை சொல்லி நான் கூப்பிடும் ஆதம்பாவா காக்காவின் தோணியில் எத்தனை காலை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். “அதுகள் உங்களப் பார்த்து முடிச்சிட்டுதுகள் டீச்சரம்மா, நீங்கதான் இன்னும் அதுகளப் பாக்கல்ல” என்பார். சிரிப்பதும் சத்தமில்லாமல்.

விடுமுறைக்கு வந்த உங்களையும் உங்கள் சிநேகிதரையும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டது நான். அவர் கேட்டது ஒன்றுதான். சுடுகிற துவக்கு ஒன்றும் வராதே? வராது என்றேன். உங்களைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

நீங்கள் புறப்பட்ட காலை துவக்குப் பெட்டி அலுமாரிக்குள் இருந்தது. பார்த்தேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை. புருஷனின் பெட்டியை எதற்குத் திறக்க வேண்டும்.

படத்தின் கீழே ‘பொறுமைக்குக் கிடைத்த பரிசு’ என்று போட்டிருக்கிறார்கள். திட்டே எழும்பி நிற்கிறது. நல்ல வெயிலில். நான் பார்த்தது மூலையில் ஒரு தூரத்துத் தோணியின் பாயை. கரைக்காற்றில் கடல் பக்கமாகப் புடைத்து நிற்கிறது. நாரைகளும் அதே பக்கம் பறக்கின்றன. எல்லாமே. தானாக எழும்பும் நாரை காற்றை எதிர்த்தே எழும்பும். அத்தனை காலை அதைத்தானே பார்த்தேன். காற்றோடு ஓடுவது பயந்த பறவை.

வலது ஓரத்தில் ஒன்று. கால்கள் தொங்க, ஒரு சிறகு மடிந்து. தரையிறங்குகிறது என்று உங்கள் கொழும்பு நண்பர்கள் நினைத்திருப்பார்கள். இறங்கவில்லை.

ஆதம்பாவா காக்காவின் மனைவி சபூரா, நீங்கள் போனதிலிருந்து தயிர் அனுப்பவில்லை. எருமை வற்றியிருக்கும் என்று இருந்துவிட்டேன். நேற்றுப் படத்தை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். சபூரா உட்காரச் சொல்லவில்லை. படத்தைக் காட்டி, அங்கே நடந்தது எனக்குத் தெரியாது என்றேன்.

“பகிடி விடாதீங்க டீச்சரம்மா. உங்கட ஊட்டுத் துவக்கு. உங்களுக்குத் தெரியாமயா?”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பாயை எடுத்து விரித்தாள்.

துவக்கு கமராவின் முக்காலியோடு சாக்கில் சுற்றி வந்ததாம். அந்தச் சாக்கைத் தோளில் தூக்கித் தோணியில் வைத்தது அவள் புருஷன்தான். சுட்டது உங்கள் சிநேகிதர். நீங்கள் கமராவுக்குப் பின்னால் நின்று “இப்ப” என்றீர்களாம்.

அந்த ஒரு சொல்லோடுதான் இரவு முழுவதும் இருந்தேன்.

பறவைகள் திரும்பவில்லை. குஞ்சுகளைக் காகம் தின்றது. வலைக்காரர்கள் தோணித்துறையில் கூடி ஆதம்பாவா காக்காவின் வலையை நிறுத்திவிட்டார்கள். துவக்கு இருப்பது தெரியாது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. தூக்கினவனுக்குக் கனம் தெரியாதா என்கிறார்கள். “டீச்சரம்மா வாக்குத் தந்தா எண்டு சொல்லுங்களன் எண்டு அழுதன். பொம்புளைட பேரத் துறையில இழுக்கிறதா எண்டு என்னத்தான் ஏசினாரு” என்றாள் சபூரா. இப்போது யாரோ ஒருவரின் வயல் வட்டையில் கூலிக்கு நெல் வெட்டப் போகிறார். வாவியை விட்டு வேறு வேலை அறியாதவர்.

நான் விளக்கம் கேட்கவில்லை. எழுதினால் நன்றாகத்தான் எழுதுவீர்கள். அதுதான் பயம்.

எனக்காக எதுவும் வேண்டாம். துறைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். துவக்கைக் கொண்டுபோனது நான், ஆதம்பாவா அறியார் என்று. உங்கள் கையெழுத்தோடு. அதை நீங்கள் எழுதுவீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதப் பார்த்தேன். பேனா போகவில்லை.

அலுமாரியில் அந்தப் பெட்டி அப்படியே இருக்கிறது. இன்னும் நான் திறக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எந்தக் காலையிலும் உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சீதேவி

சீதேவி கடிதத்தைத் தபாற்கந்தோரில் சேர்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே துறைக்குப் போய், வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் பத்திரிகையை விரித்து வைத்து, துவக்கு தன் வீட்டுடையது என்றும் வாக்குத் தந்தது தான் என்றும் சொன்னாள்.