தாமஸ் துரை பங்களாவில் பேச்சுப் பழக்கம்

1909 நவம்பர் 2, செவ்வாய்.
விடிந்ததிலிருந்து மழை. ஆற்றில் செந்தண்ணீர். குடை மடங்கிவிட்டது, பங்களாவுக்குள் நனைந்த கோழியாகப் போனேன். போலீஸ் துரையின் சம்சாரம் சிரித்தாள், துவாலை கொடுத்தாள். நல்லவள். இருபதாம் தேதி பள்ளிக்கூட இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும், பேசினால்தான் மேல்வகுப்பு வாத்திச்சி வேலை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேச நாக்கு எழும்பாது. செவ்வாயும் வெள்ளியும் வா, பழக்கிவிடுகிறேன் என்றாள், காசு வேண்டாமாம்.
இன்றைய தலைப்பு: மழை, சாப்பாடு, என் வீடு. வீட்டில் நானும் தம்பி தாவீதும் மட்டும் என்றேன். அவன் என்ன வேலை? கருப்பட்டி மண்டியில் கணக்கு.
வரும் வழியில் நல்லெண்ணெய், சுக்கு. வாத்து முட்டை கிடைக்கவில்லை.

நவம்பர் 5, வெள்ளி.
தூறல். தலைப்பு: என் தம்பி. எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், என்ன வாசிப்பான், சாயங்காலம் எங்கே போவான். 'ஹி கோஸ்' என்பதை 'ஹி கோ' என்று நான்கு தரம் சொல்லித் தொலைத்தேன். "அவன் நண்பர்கள் பெயரோடு முழு வாக்கியமாகச் சொல், அதுதான் நல்ல பயிற்சி" என்றாள். ஆறுமுகம் என்று ஒருவர், சுதேசித் துணிக்கடை வைத்திருக்கிறார், ராத்திரி ஏழு மணிக்குக் கடைக்குப் பின்னால் கூடிப் பேசுவார்கள் என்றேன். தடங்கலில்லாமல் வந்தது. எனக்கே சந்தோஷம். கேக் கொடுத்தாள்.
பிரம்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் சுருட்டு வாசனை. துரை வீட்டில்தான் இருக்கிறார் போல.

நவம்பர் 9, செவ்வாய்.
மழை இல்லை, புழுக்கம். தலைப்பு: என் தம்பியின் நண்பர்கள். மறுபடியும். கடை வீதி, பிரயாணம், ஆஸ்பத்திரி என்று பழக எவ்வளவோ கிடக்கிறதே என்றேன். "பழகிய விஷயத்தில்தான் நாக்கு திரும்பும்" என்றாள். கூட்டத்தில் யார் அதிகம் பேசுவார்கள்? வெளியூர் ஆள் வருவதுண்டா? நான் பதில் தேடும்போது தட்டிக்குப் பின்னால் பேனா கீறும் சத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.
தலைவலி என்று சொல்லி எழுந்து வந்தேன். 
தாவீதிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.
"பேரு சொன்னியாக்கா?"
"ஆறுமுகம் பேரு மட்டுந்தாம்லே."
கையைக் கழுவிவிட்டான். பாதி சோறு இலையில்.

நவம்பர் 10, புதன்.
ஆறுமுகம் கடையில் காலையிலேயே போலீஸ். துணிகளைத் தெருச் சகதியில் இழுத்துப் போட்டார்களாம். கையில் விலங்கோடு கூட்டிப் போனதைப் பால்காரி பார்த்திருக்கிறாள். "அந்தப் பிள்ள தலைய நிமித்தவே இல்லம்மா" என்றாள்.
நான் பாலைக் கொட்டிவிட்டேன்.
மதியம் தாவீது இரண்டு வேட்டியை மூட்டை கட்டினான்.
"எங்க போறேன்னு சொல்லட்டாக்கா?"
"சொல்லாதல. தெரிஞ்சா வாயில வந்துரும்."
"வெள்ளிக்கெழம அங்கன போவியா?"
"போவலன்னா சந்தேகப்படுவாவ."
தலையைத் தடவி ஜெபம் பண்ணினேன். கொல்லைப்புறமாக, வாழைக்குள் இறங்கிப் பைய நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச்சாரியில் இருட்டுமுன்பே ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றாயிற்று.

நவம்பர் 12, வெள்ளி.
வெயில். தலைப்பு: பிரயாணம். கேட்ட தலைப்பு கிடைத்துவிட்டது! தம்பி ஏன் வீட்டில் இல்லை, எங்கே போயிருக்கிறான்? நடக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் அவன் போகக்கூடிய ஊர், சொல்லக்கூடாது. வேதக்காரப் பையன் கால் வைக்காத கோயில் ஊர் ஒன்று வேண்டும். திருச்செந்தூர் என்றேன். சஷ்டிக் கூட்டத்தில் முதலாளி கருப்பட்டிக் கடை போடுகிறார், கூட மாட ஒத்தாசைக்குப் போயிருக்கிறான். லட்சம் தலைக்குள் தேடிக்கொண்டு கிடக்கட்டும், அதற்குள் அவன் மலை தாண்டிவிடுவான்.
கடல், கோபுரம், கூட்டம், வண்டிகள். ஒரு பிழை இல்லை. துரைசானி கை தட்டினாள். "இதுதான் பேச்சு!"

நவம்பர் 16, செவ்வாய்.
துரைசானிக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. எதிர்ச்சாரி காலி. கான்ஸ்டபிளைக் காணோம். பொய்யை நம்பி அங்கே ஓடியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் ருசித்துச் சாப்பிட்டேன். சொதிக் குழம்பு. கர்த்தர் மன்னிப்பாராக.

நவம்பர் 19, வெள்ளி.
எழுத வரவில்லை. ஆனாலும்.
இன்று தட்டியை விலக்கிக்கொண்டு துரையே வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சுத்தமான தமிழ், பிரசங்கத்தில் கேட்பதுபோல.
"உங்கள் தம்பியை நேற்றுத் திருச்செந்தூர்க் கடற்கரையில் பிடித்தோம். மொட்டை அடித்து, திருநீறு பூசி, பக்தர்களோடு பக்தராக நின்றார். கிறிஸ்தவப் பையனை அங்கே தேட எங்களுக்குத் தோன்றியே இராது. நீங்கள் சரியாகச் சொன்னீர்கள்."
நானும் அவனும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
துரைசானி வாசல்வரை வந்தாள். "நாளைக்கும் இப்படியே பேசு, பயப்படாதே" என்றாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா, முகத்தைப் பார்த்து விளங்கவில்லை.

நவம்பர் 20, சனி.
பரீட்சை. புது இன்ஸ்பெக்ட்ரஸ், கண்ணாடி போட்டவள், அன்பாகத்தான் கேட்டாள். குடும்பத்தைப் பற்றிச் சொல். நின்றேன். சரி, பிரயாணம் பற்றிச் சொல். நின்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 22, திங்கள்.
பாளையங்கோட்டை ஜெயில் வாசல். மழை. தூக்குச்சட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை. கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மொட்டைத் தலையில் முடி குத்திட்டு வளர்கிறது. ஒரு கண் வீங்கியிருக்கிறது.
"பரிச்ச எப்படிக்கா?"
"நல்லாப் பேசினேம்லே."
சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.
"அக்கா, நான் அங்கன இருக்கேன்னு ஒரு குருவிக்குத் தெரியாது. கூட்டாளி ஒருத்தனுக்குக்கூடச் சொல்லல. எப்படித்தான் கண்டுபிடிச்சானுவளோ, அதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடக்கேன்."
நேரமாச்சு என்றான் வார்டர். சோற்றை உள்ளே வாங்கவில்லை.