வாசல் குழாயடியில் நின்றவள்

அன்பு மகள் நிலானிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம், இந்த முறை பேனா அங்கேயே நின்றுவிட்டது. உண்மையாகவே கேட்கிறேன் மகள், சுகமா? வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் ஏன் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் எழுதினால் கை தவறி அது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குப் போய்விடுமோ என்று பயம். போன தைப்பூசத்தன்று அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை அப்படித்தான் எல்லோருக்கும் அனுப்பி வைத்தேன். அந்த முழங்கால் இப்போது பரவாயில்லை, அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம், ஃபெரியில் போகும்போது காற்றுப் படுவதே பாதி வைத்தியம் என்கிறாள். இங்கே மழை விடாமல் பெய்கிறது, பின்பக்கக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. இதெல்லாம் சொல்ல வந்த விஷயம் அல்ல, சொல்ல வந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

குவீன் ஸ்திரீட்டில் முஸ்தஃபா பாய் துணிக்கடை மாடியில் ஞாயிறு காலையில் நாங்கள் சில கிழவர்கள் கூடி ஒரு தலைப்பை எடுத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவது உனக்குத் தெரியும். நான் அதிகம் பேசுவதில்லை, மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வேன். இந்த முறை வாசு ஒரு தலைப்பைக் கொண்டுவந்தார். போன வருஷம் உன் ஊர் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது உண்மையா, அரசாங்கம் ஆள் வைத்து நடத்திய நாடகமா என்பது அது. எனக்குக் கேட்டதுமே ஒரு மாதிரி இருந்தது, என் மகள் அந்த ஊரில் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறாள், இது வேண்டாமே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குண்டு வெடித்த அன்றைக்கு உனக்கு லீவு, நீ வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று நீயே போனில் சொல்லியிருந்தாய், அதனால் இது நமக்குத் தள்ளியிருக்கிற விஷயம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பதால் உண்மைதான் என்ற கட்சிக்கு என்னைப் போட்டார்கள்.

வாசுவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அவருடைய அண்ணன் முன்பு ஒரு தொழிற்சாலையில் அடிபட்டபோது, அண்ணனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து முத்திரை குத்திய எந்தத் தாளையும் வாசு நம்புவதில்லை. முஸ்தஃபா பாயும் அவர் கட்சியில்தான் உட்கார்ந்தார். "நாடகமாவே இருந்துட்டுப் போகட்டும் சார், எனக்கு நிம்மதி. எந்த ஊர்ல வெடிச்சாலும் மறுநாள் கடைக்கு வர்றவங்க மொதல்ல என் மூஞ்சியத்தான் பார்க்குறாங்க" என்றார்.

நான் என் வழக்கப்படி ஒழுங்காகத் தயார் செய்தேன். விசாரணைக் குழு முன்னால் தீயணைப்புக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஆம்புலன்ஸ் ஆட்களும் சொன்ன வாக்குமூலங்கள், பெயர்களை மறைத்து, இணையத்தில் கிடக்கின்றன, எல்லாவற்றையும் அச்செடுத்துப் படித்தேன். ஒருவர் இரண்டு வெடி கேட்டது என்கிறார், அவரோடு ஒரே வண்டியில் வந்தவர் ஒன்றுதான் என்கிறார். வாசு இதைத்தான் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும், அப்படியே பிடித்தார். "ஒரே எடத்துல நின்னவங்களுக்கே கணக்கு ஒத்து வரலையே சார்? வசனத்தைச் சரியா மனப்பாடம் பண்ணலை லா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, நாடகமாக இருந்தால் கணக்கு ஒத்துப் போயிருக்கும், கோர்ட்டில் நாலு சாட்சி ஒரே சொல்லில் பேசினால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும், பயந்துபோன மனிதர்கள் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் சொல்வார்கள் என்றேன். ஆம்புலன்ஸ்களை ஏன் வெளியே நிறுத்தி வைத்தார்கள், உள்ளே நடிகர்களைப் படுக்க வைக்கத்தானே என்று வாசு கேட்டார். இன்னொரு குண்டு இருக்குமோ என்று தேடி முடிக்கும்வரை விட மாட்டார்கள், உள்ளிருந்து கூப்பிடும் குரல் கேட்டும் போக முடியாமல் நின்றோம் என்று ஒரு தீயணைப்புக்காரர் சொல்லி அழுதிருக்கிறார், அதை வாசித்துக் காட்டினேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்றுகூட நினைத்தேன், எனக்கு அது புதிய அனுபவம்.

அப்போதுதான் வாசு தன் டேப்லெட்டை மேசையில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். எதிர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து யாரோ எடுத்தது, தெளிவில்லை, முகம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சட்டை போட்ட ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். சட்டையெல்லாம் கறை. காலணியைக் கழற்றி இரண்டையும் சேர்த்து, நேராக, தெருப்பக்கம் பார்க்க வைக்கிறாள். குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, அந்தக் குளிரில், உடுப்போடு, குவளையால் மொண்டு தலையில் ஊற்றுகிறாள். மூன்று முறை. பிறகு கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கீழே ஆங்கிலத்தில், நடிகை சாயத்தைக் கழுவுகிறாள் என்று போட்டிருந்தது. "பார்த்தீங்களா? நெஜ ரத்தமா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா, இல்லாட்டி உள்ள போயி சுடுதண்ணியில குளிச்சிருப்பா. வாசல்ல நின்னு யாரு லா குளிப்பா?" என்றார் வாசு. எனக்குக் கையிலிருந்த தேநீர்க் கிளாஸைக் கீழே வைக்க வேண்டும் போலிருந்தது, மேசை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் உன்னைப் போல இடது கையால் ஊற்றினாள். மஞ்சள் பிளாஸ்டிக் குவளை. நீ புறப்பட்ட அன்று அம்மா அதைப் பெட்டியில் திணித்ததும், அந்த ஊரில் குவளை கிடைக்காதா என்று நீ வெட்கப்பட்டதும், பாதி உடைந்த பிடியை நான் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்ததும் என் கண் முன்னால் வந்தன. இன்னொரு முறை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை. "சாரே வாயடைச்சுப் போயிட்டாரு" என்று வாசு சிரித்தார். என் கட்சி தோற்றதாக எழுதிக்கொண்டார்கள். நான் குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நான் தவறாகப் பார்த்திருக்கலாம், வயதாகிவிட்டது, உலகத்தில் மஞ்சள் குவளை ஒன்றுதானா என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதனால் எதையும் சொல்லாமல், சத்தத்தை நிறுத்தி, அம்மாவிடம் எங்கள் குழுவில் வந்திருந்த அந்த வீடியோவை மட்டும் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடிகூடப் போடவில்லை. "இஞ்சாருங்கோ, இது எங்கட நிலானி. லீவு எண்டவள் அல்லோ?" என்றாள். பிறகு, "பிள்ளைக்குத் தண்ணி எடுத்து வைக்க ஒருத்தரும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மகள், நாங்கள் சாவு வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் வாசலில் வாளி நிரப்பி வைப்பது உன் வேலையாக இருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும், உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் குளித்தால் போதாதா அப்பா, இதென்ன மூடநம்பிக்கை என்று என்னோடு வாதாடினாய், நானும் சரியான பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டுப் போனேன். அந்த நீயா வாசலில் நின்றாய் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ அங்கே போயிருந்தாய் என்பது ஒரு அதிர்ச்சி. நீ பார்த்தது எதுவோ உன்னை அந்தக் குழாயடியில் நிறுத்தியது என்பது அதைவிடப் பெரியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வாக்குமூலங்களில் பெயரில்லாத ஒரு ஆம்புலன்ஸ் பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. எத்தனை வெடி என்று கேட்டால் தெரியாது என்கிறாள், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாய் என்றால் தெரியாது என்கிறாள். ஒரு பெரியவர் தன்னுடைய மற்றக் காலணி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார், தேடினேன், கிடைக்கவில்லை, நான் வந்து சொல்வதற்குள் அவர் போய்விட்டார் என்பது மட்டும்தான் அவள் சொன்னது. வாதத்துக்குப் பயன்படாது என்று நான் அதன் ஓரத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அது நீயா என்று நான் கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டாம். கோட்டை மட்டும் அழித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றிருந்தேன். அம்மா சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்தாள். போனேன். தலைப்பு முடிந்துவிட்டது என்றார்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன் என்றேன். போன மாதம் வாசுவின் அண்ணனைப் பத்து லஞ்சாங் சுடுகாட்டில் தகனம் செய்தோம், நானும் போயிருந்தேன். "வாசு, அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "என்ன சார் கேள்வி இது? ரமணி வாசல் கேட்டுக்கிட்ட வாளி வெச்சிருந்தா, ஊத்திக்கிட்டு உள்ள" என்று அவர் தொடங்கினார், அவருடைய மனைவியைத்தான் சொன்னார், ஆனால் முடிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன், எனக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. பாயைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லோரும் ஆயுள் முழுக்கச் செய்துவருகிற காரியம், அந்நிய ஊரில் அந்நிய உடுப்பில் கண்டதும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நம்ம புள்ளையா சார் அது" என்றார் வாசு. "நான் அதை மூணு குரூப்புக்கு அனுப்பி வெச்சேனே லா. அழிச்சாலும் போனது போனதுதானே" என்று போனைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "யாரு வீட்டுப் புள்ள சார்? தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன். உன் பெயரும் வீட்டு விலாசமும் அந்த வீடியோவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகும் என்ற பயம், நீ எங்களிடமே மறைத்ததை நான் எப்படி வெளியே சொல்வது என்ற தயக்கம், என் பிறவிக் கோழைத்தனம், மூன்றில் எது அப்படிச் சொல்ல வைத்தது என்று எனக்கே விளங்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. இறங்கி வரும்போது முஸ்தஃபா பாய் படியில் நின்று, நான் விட்டுப்போன குடையைக் கொடுத்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மக நல்லா இருக்குதா சார்?" என்றார். அன்றைக்கு நான் உன் பேச்சையே எடுக்கவில்லை, நிலானி.

இதையெல்லாம் எழுதியது உன்னைக் கேள்வி கேட்க அல்ல. லீவு என்று ஏன் சொன்னாய் என்பது எங்களுக்குப் புரிகிறது, அம்மாவின் ரத்த அழுத்தத்தை நினைத்துச் சொல்லியிருப்பாய். அந்த எதிர் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதே, ஜன்னல் திரையை மட்டும் போட்டு வை. வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று பேசக்கூடியவர்கள் இருப்பார்களாம், படித்தேன், வெட்கப்படாமல் போய்ப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. நான் அந்த மாடியில் எழுந்து நின்று, அவள் என் மகள் என்று சொல்லலாமா வேண்டாமா என்பதை நீ சொல், ஒரே சொல்லில் சொன்னால் போதும். சொல்லச் சொன்னால் சொல்வேன்.

முருகன் உன்னைக் கண்ணை இமை காப்பது போல் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்படி ஒரு நாள் இனி வரக் கூடாது, வந்தால், வாசலில் நின்று எனக்கு ஒரு போன் போடு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி. நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். போனைப் படியில் வைத்துவிட்டுக் குழாயைத் திற. மூன்று முறை ஊற்றி முடிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
கனகசுந்தரம்