பூட்டிய வைஃபைக்குள் யார் பேசியது

ஷகீனாவின் அத்தாவுக்கு,

குருமா அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் வேங்கிக்காலில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம், பஸ் கிடைக்கத் தாமதமானாலும் இரவே வந்துவிடுவேன்.

வீடுகளில் இன்டர்நெட்டை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய, நம் வைஃபை பெட்டி பக்கத்தில் ஒரு கருவி வைத்துவிட்டுப் போனாளே ஒரு பெண், அவள் இன்று அதை எடுக்க வந்தாள்.

"பாஸ்வேர்டு பூட்டு இருக்கறதால உள்ள என்ன பேசுறீங்கன்னு தெரியாதும்மா. எவ்ளோ போவுது, எந்த மாதிரி போவுதுன்னு மட்டும் தெரியும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "விடியக்காலைல தினமும் யாரோ வீடியோல பேசுறீங்களே, பசங்க வெளிநாடா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஜ்ரு தொழுதுவிட்டு நான் மறுபடி படுக்கும் நேரம் அது. வீட்டில் இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

அவள் போனதும் உங்கள் லேப்டாப்பைத் திறந்து, அதில் வீடியோ பேசும் இடத்தில் இருந்த ஒரே பேரை அழுத்தினேன். "இன்னா அத்தா, இந்நேரத்துல?" என்று மலேசியாவிலிருந்து நம் மகள் ஷகீனா வந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கி என் பக்கம் காட்டினாள்.

சொல்லாமல் நிக்காஹ் செய்துகொண்டவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றவர் நீங்கள். அதை நம்பி இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான்.

நாளைக்கு விடியற்காலையில் என்னையும் எழுப்புங்கள்.

உம்மே ஹானி

குழந்தைக்கு என் மூக்கு. அதையாவது சொல்லியிருக்கலாம்.