மிளகு ஆணா, பட்டு ஆணா

நிலவுத் தளம் 4, மலைப்பாம்புக் காப்பறை
எழுதுவது: இசக்கியம்மாள். இதைக் கண்டெடுப்பவருக்கு.

நாள் 212, 09:10
காப்பறை 31 டிகிரி. மூன்று பாம்புகளும் நலம். மூன்றும் வீடுகளில் வளர்ந்த செல்லங்கள். பூமியில் பூஞ்சை நோய் மலைப்பாம்பு இனத்தையே தீர்ப்பதற்குள் ஏற்றி அனுப்பினார்கள். சொக்கி முட்டையிட்டது, எனவே பெண். மிளகு, பட்டு இரண்டில் ஒன்று ஆண் என்கிறது அனுப்புச்சீட்டு. எது என்று எழுதவில்லை. அவசரத்தில் அனுப்பியவர்களின் லட்சணம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கழிவுத் துளையிலிருந்து வால் நுனிப் பக்கமாக மழுங்கிய கம்பியை மெல்ல விட வேண்டும். எட்டுச் செதில் நீளம் போனால் ஆண், மூன்றில் நின்றால் பெண். இருவர் தனித்தனியே அளந்து கையெழுத்திடுவது விதி.

என்னோடு இங்கே இருந்த ஒரே ஆளான லூர்துராஜ் இறந்து ஒன்பது நாள் ஆகிறது. பூமிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஒற்றை ஆளை வைத்துத் தளத்தை நடத்தமாட்டார்கள். மூடிவிடுவார்கள், பாம்புகளோடு சேர்த்து.

நாள் 214, 11:40
மின்கலம் ஒன்று போயிற்று. பூமித் தரைநிலையத்திலிருந்து ஹமீதா:
"இசக்கிக்கா, இனி ரெண்டு பெட்டிக்குத்தான் சூடு தாங்கும். ஒரு ஜோடிய மட்டும் வச்சுக்குங்க. ஆண் எதுன்னு ரெண்டு பேரும் அளந்து இன்னைக்கே அனுப்புங்க. லூர்து அண்ணன் கையெழுத்து இல்லாம இங்க ஏத்துக்க மாட்டாங்க."

13:05
மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மேசைச் சூட்டை அணைத்துவிட்டு அளந்தேன். மிளகு: மூன்று செதில். பெண். அப்படியானால் பட்டுதான் ஆண். அதை அளக்கவில்லை. லூர்துவின் கட்டத்திலும் மூன்று என்று எழுதி, அவன் கையெழுத்தை நானே போட்டு அனுப்பினேன். அசல் அவனுடையது போலவே விழுந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

16:00
மிளகின் பெட்டியை அணைத்தேன். ஒரு பெட்டியில் ஒரு பாம்புக்குத்தான் இடம். என் அறையிலும் ஏழு டிகிரிதான், அங்கே கொண்டுபோயும் பயனில்லை.

நாள் 216, 08:20
மிளகு செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தேன். ஆண்.
குளிர்ந்த மேசையில் வாலை இறுக்கியிருக்கிறது, கம்பி பாதியில் நின்றிருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது இதைத்தான். வெட்கமாக இருக்கிறது. லூர்து பக்கத்தில் இருந்திருந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்லியிருப்பான்.

நாள் 217, 07:15
ஹமீதா: "அக்கா, இங்க இருந்த கடைசி ஆணும் காலைல போயிடுச்சு. ஆனா லூர்து அண்ணன் அனுப்புன கணக்குல பட்டும் பெண்ணுன்னு இருக்கே. ஏன்?"
அப்படி ஒரு கணக்கு யாரும் அனுப்பவில்லை.

07:50
பட்டை அளந்தேன், இரண்டு முறை. மூன்று செதில்.

08:05
இதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிளகைக் கொன்றது நான். கையெழுத்து பொய். லூர்து செத்துப் பதினான்கு நாள் ஆகிறது, வெளிக்கதவுக்கு அருகே பையில் கிடக்கிறான்.

08:06
ஹமீதா: "என்னக்கா சொல்றீங்க? அண்ணன் அடுத்த லைன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்காரு. மிளகு பெட்டிய நீங்க அணைச்சப்போ உங்க கையப் பிடிச்சுத் தடுத்துப் பார்த்தாராம். நீங்க கண்டுக்கவே இல்லையாம்."