ஊற்றக் கூடாத தண்ணீர்

அக்கா,

இன்று காலையில் எங்கள் ஊட்டுக்காரர் கூரையில் சொருகி வைத்திருந்த மூங்கில் குழாயை உருவிக்கொண்டு வந்தார். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற அதே குழாய். அதிலிருந்து பழைய விளக்கெண்ணெய் வாடை வந்தது.

செவலை நேற்றுத்தான் கன்று போட்டது. விடிந்து பார்த்தால் எழ முடியாமல் படுத்துக் கிடக்கிறது, கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துக்கொண்டு. காதைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு மாடுதான்.

"நாக்கைப் புடி, கசாயத்த ஊத்தீறலாம்" என்றார்.

"ஊத்தாதீங்க. டாக்டரு வரட்டும்."

"அவரு மலைக்கு அந்தப் பக்கம், பெரக்கரை நாட்டுல இருக்கறாராம். வர்றதுக்குள்ள இது போயிரும். சும்மா பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றயா?"

ஆமாம், சும்மா இருக்கத்தான் சொன்னேன். குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

நீங்கள் ராசிபுரத்திலிருந்து எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு உதவியாளராக வந்தபோது நான் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருசம் எங்கள் பழைய மாடு இதே மாதிரி விழுந்தது. நான் தலையைத் தூக்கிப் பிடித்துக் குழாயில் கசாயம் ஊற்றினேன். மூன்றாம் நாள் அது மூச்சிரைத்து இரைத்தே செத்தது.

"விழுந்த மாட்டுக்கு முழுங்க முடியாது, புள்ள. நீ வவுத்துல ஊத்தல, நெஞ்சுல ஊத்தியிருக்கற" என்று திட்டினீர்கள். நான் அழுததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். "செரி வுடு, கண்ணு. எந்திரிச்சா அதுவே குடிக்கும். அதுவரைக்கும் சாயாமப் புடிச்சுக்க, போதும்."

அதற்குப் பிறகு எத்தனை மாட்டுக்கு நாம் இரண்டு பேரும் முதுகு கொடுத்து உட்கார்ந்திருப்போம்! டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி போடுவார். வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய மருந்து பாட்டிலை நீங்கள் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். ஒரு தடவை பெரிய மாடு ஒன்று உங்கள் மேல் அப்படியே சாய்ந்துவிட்டது. "எம்பட ஊட்டுக்காரருகூட இப்படி ஆசையா எம்மேல சாஞ்சதில்ல" என்றீர்கள். டாக்டர் சிரித்த சிரிப்பில் ஊசி ஆடியது.

அப்படிப்பட்ட நீங்கள், ஒரு மத்தியானம், பாட்டில் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். நான் உங்கள் தலையை மடியில் தூக்கி வைத்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, அக்கா. சொம்பை எடுத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றினேன். உங்களுக்குப் புரை ஏறியது. இருமக்கூட முடியவில்லை. நெஞ்சுக்குள் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பழைய மாட்டிடம் கேட்ட அதே சத்தம்.

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்கள்: "தண்ணி ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அஞ்சாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். தண்ணீரும் காரணமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் ஊற்றியதைப் பார்த்த ஒருத்தி, அன்றைக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தவள், உங்கள் எழவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசித் தண்ணி உங்கையால. நீ குடுத்து வெச்சவ" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இன்றைக்கு உச்சிப் பொழுதுக்குத்தான் டாக்டர் வந்தார். அதுவரை செவலையின் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தேன். என் இடுப்பு மரத்துப்போனது. ஊட்டுக்காரர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் எழவில்லை. பாட்டில் மருந்து முழுக்க இறங்கிய பிறகு மாடு உடம்பை உதறியது, சாணி போட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தடுமாறி எழுந்து நின்றது. காதைத் தொட்டேன். சூடு வந்திருந்தது.

வாளியை வைத்தேன். தானாகக் குனிந்து உறிஞ்சியது.

"குடிக்குது பாரு!" என்று ஊட்டுக்காரர் சிரித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மாட்டுக்கு அரை நாள் பொறுத்திருக்க முடிந்தது. உங்களுக்கு ஆம்புலன்ஸ் வருகிறவரை பொறுக்க முடியவில்லையே.

அன்றைக்குச் சொன்ன அந்த "இல்லீங்க" இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஊற்றினேன், அக்கா. நான்தான் ஊற்றினேன்.